யோசனைக்குக் கூலி கேட்ட பெரியண்ணன்

தர்மபுரி சந்தைப்பேட்டைத் தெருவில் தன் வீட்டு வாசலுக்கு மேலே பெரியண்ணன் ஒரு தகரப் பலகை மாட்டினாரே, அன்றைக்குப் பிடித்தது அவரைச் சனியன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் வருஷம் அது. பலகையில் பெரிதாக ஒன்றும் எழுதவில்லை. "கிணறு, வாய்க்கால், கட்டடம், இயந்திரம் சம்பந்தமாக யோசனை சொல்லப்படும். கட்டணம் உண்டு." அவ்வளவுதான். அந்தக் கடைசி இரண்டு வார்த்தையைப் படித்துவிட்டுச் சந்தைக்கு வந்தவனெல்லாம் நின்று சிரித்தான். "கிணறு வெட்டக் கூலி உண்டு, சுவரு வெக்கக் கூலி உண்டு. யோசனைக்குக் கூலியா? இது எந்தூரு வழக்கமுங்க?" என்று முகத்துக்கு நேரே கேட்டவர்களும் உண்டு.

அது மைசூர்ச் சீமை வழக்கம். பெரியண்ணன் அந்தப் பக்கத்து மலையில் ஒரு காபித் தோட்டத்தில் பதினோரு வருஷம் ஓவர்சீயராக இருந்தவர். தண்ணீர் ஏற்றும் பம்பு, கொட்டை உரிக்கும் மிஷின், மலைச்சரிவில் போகும் வாய்க்கால் எல்லாம் அவர் கைப்பாடு. ஒருநாள் தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டி விரிசல் விட்டது. பெங்களூரிலிருந்து ஒரு தொப்பிக்கார என்ஜினியரை வரவழைத்தார்கள். அவர் வந்தார், தொட்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார், டீ குடித்தார், "மேற்குச் சுவரை இடிச்சிடுங்க" என்றார், நூறு ரூபாயை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். மேற்குச் சுவரை இடிக்க வேண்டும் என்று பெரியண்ணன் ஒரு மாசமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு யாரும் ஒரு சல்லி தரவில்லை. அன்றைக்குக் குடைய ஆரம்பித்த புழு அது. காய்ச்சலும் ஒரு பக்கம் வாட்ட, சேர்த்து வைத்த பணத்தில் முக்காலியோடு ஒரு லெவல் கருவி, நூறடிச் சங்கிலி, இரும்பு டேப்பு, ஒரு நல்ல கைக்கடிகாரம் எல்லாம் வாங்கிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தார்.

ஆட்கள் வராமல் இல்லை. வந்தார்கள், தாராளமாக வந்தார்கள். "சும்மா ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போலாம்னு வந்தேனுங்க" என்று ஆரம்பிப்பார்கள். அந்தச் 'சும்மா'வைக் கேட்டாலே பெரியண்ணனுக்கு உச்சந்தலை காயும். ஆனாலும் மனுஷனுக்கு வாய் நிற்காது. கேள்வி என்று ஒன்று வந்துவிட்டால் பதில் சொல்லாமல் இருக்க மாட்டார். கோடு போட்டுக் காட்டி, கணக்குப் போட்டுக் காட்டி, சிலசமயம் கூடவே நடந்து போய் அளந்தும் காட்டிவிட்டு வருவார். பதிலுக்கு ஒரு பூசணிக்காய் வரும். ஒரு படி மொச்சை வரும். வத்தல்மலையிலிருந்து மல்லையன் என்பவன் இறங்கி வந்து சாமைக்காட்டுக்குக் கல் வரப்பு எப்படிப் போடுவது என்று கேட்டுப் போனான். அவனாவது ஒரு புட்டி தேன் கொண்டுவந்தான், புண்ணியவான். ஊருக்குள் இருக்கிற பெரிய மனுஷர்களுக்கு அதுகூடத் தோன்றவில்லை.

வீடு எப்படி நடந்தது என்று கேட்கிறீர்களா? தீர்த்தம்மாள் நடத்தினாள். பெரியண்ணனின் சம்சாரம். இரண்டு எருமை, பிறந்த வீட்டு வழியாக வந்த ஒன்றரை ஏக்கர் ராகிக்காடு, அவ்வளவுதான் அவள் ஆஸ்தி. பால் ஊற்றிவிட்டு வந்து, திண்ணென்று உட்கார்ந்திருக்கிற பூசணிக்காயைப் பார்த்து, "இன்னைக்கு எந்தக் கிணறுங்க இது?" என்பாள்.

முப்பத்தெட்டாம் வருஷம் ஐப்பசியில் தோட்டத்துத் துரையிடமிருந்து கடிதம் வந்தது. பழைய வேலை காலியாக இருக்கிறது, மாசம் அறுபது ரூபாய், வீடு உண்டு, பொங்கலுக்குள் பதில் போட வேண்டும். தீர்த்தம்மாள் கடிதத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "போறதுன்னா போங்க. நான் வல்லை. அந்தக் குளுரும் காய்ச்சலும் எனக்காவாது, எருமையை யாரு பாக்கறது? ஆனா ஒண்ணு, ரெண்டு வருசமாச்சு. எத்தனை நாளைக்குத்தான் இப்படி?" பெரியண்ணனுக்குச் சுருக்கென்று தைத்தது. "பொங்கலுக்குள்ள ஒருத்தன், ஒரே ஒருத்தன், என் வார்த்தைக்குன்னு காசு குடுக்கட்டும். இல்லேன்னா பலகையைக் கழட்டிப் பரண்ல போட்டுட்டுத் தனியா மலையேறிடறேன்" என்றார். அந்த மலையில் இன்னொரு முறை காய்ச்சல் வந்தால் திரும்பி வருவோமா என்பது அவருக்கே சந்தேகம்.

இந்த நேரம் பார்த்து வந்தார் அதியமான்கோட்டை காளியப்பக் கவுண்டர். முப்பது ஏக்கர்க்காரர், நல்ல மனுஷர், யார் பேச்சையும் கேட்காத மனுஷர். சேலத்து ஏஜெண்டு கோவிந்தன் என்பவரிடம் எண்ணூறு ரூபாய் எண்ணிக் கொடுத்து, ஒரு ஆயில் என்ஜினும் பம்பும் ஒரே இரும்புத் தட்டில் பொருத்தியதாக வாங்கிவந்திருந்தார். ஆயுத பூசையன்று கிணற்று மேட்டில் ஒரு மேடை கட்டி வைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்து ஓட்டினார்கள். என்ஜின் ஊரே அதிர ஓடியது. புகை வந்தது. சத்தம் வந்தது. தண்ணீர் மட்டும் வரவில்லை.

என்ன செய்தார்கள் தெரியுமா? நெருப்பு சம்பந்தப்பட்ட சாமான், அக்கினி மூலையில்தான் இருக்க வேண்டும் என்று பூசாரி சொன்னார். கிணற்றுக்குத் தென்கிழக்கில் புதுமேடை கட்டினார்கள். வரவில்லை. முகம் கிழக்கே பார்க்கட்டும் என்றார். மேடையை இடித்து மறுபடி கட்டினார்கள். வரவில்லை. கொத்தனாருக்கு மூன்று மேடைக்குக் கூலி, பூசாரிக்கு மூன்று பூசைக்குத் தட்சிணை. ஏஜெண்டு அனுப்பிய மெக்கானிக் ஒருநாள் முழுக்க இருந்து என்ஜினைப் பிரித்துப் பூட்டி, பயணப்படி வாங்கிக்கொண்டு ரயிலேறிவிட்டான். எல்லாம் முடிந்து, ஐப்பசி போய் கார்த்திகையும் பாதியான பிறகு கவுண்டருக்குப் பெரியண்ணன் ஞாபகம் வந்தது. கண்ணு கெட்ட பின்னே சூரிய நமஸ்காரம்!

பெரியண்ணன் போய்க் கிணற்றை எட்டிப் பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் புரிந்துவிட்டது. இருந்தாலும் டேப்பை இறக்கினார். தண்ணீர் நாற்பதடிக்குக் கீழே கிடந்தது.

"ஏனுங் கவுண்டரே, பம்பு தண்ணியை இழுக்கறதுக்கு ஒரு அளவு இருக்குதுங்க. இருபதடி, மிஞ்சிப் போனா இருபத்திரண்டு. அதுக்கு மேல தலைகீழா நின்னாலும் இழுக்காது. ஆனா தள்ளுறதுக்குத் தெம்பு உண்டு. அதனால பம்பைக் கிணத்துக்குள்ள இறக்கோணும்."

"எண்ணூறு ரூவா சாமானுங்க. நாப்பதடி இழுக்காதுங்கறீங்க?"

"எட்டாயிரம் குடுத்தாலும் இழுக்காதுங்க. பம்பு குழாயிலிருக்கிற காத்தைத்தான் எடுக்குது. தண்ணியை மேல தள்ளுறது வெளிக்காத்து. அதுக்குச் சத்து அவ்வளவுதான்."

கவுண்டர் சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். "காத்தே தள்ளுதுன்னா எனக்கெதுக்குங்க என்ஜினு?" கூட்டம் கொல்லென்று சிரித்தது. பெரியண்ணனுக்கு அந்தக் கிணற்றிலேயே குதித்துவிடலாமா என்று வந்தது.

பல்லைக் கடித்துக்கொண்டு வேலையைப் பார்த்தார். கிணற்றுக் கல்லில் பாசி படிந்த கோட்டை அளந்தார். மாடு பூட்டித் தோல் சாலில் தண்ணீர் இறைக்கும் கவலையை ஓட்டுகிற ஆட்களைக் கூப்பிட்டு, நல்ல மழைக்காலத்தில் தண்ணீர் எந்தக் கல் வரைக்கும் ஏறும், சித்திரையில் எந்தக் கல்லுக்கு இறங்கும் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாக விசாரித்தார். இருபத்தாறடிக்கு மேலே ஏறியதில்லை, நாற்பத்திரண்டுக்குக் கீழே இறங்கியதில்லை. ஆக, மேலிருந்து இருபத்திநாலடியில் பக்கச் சுவரைக் குடைந்து ஒரு மேடை கட்டி, அதில் என்ஜினும் பம்பும் சேர்ந்த செட்டை வைத்து, புகைக்குழாயை மேலே கொண்டுவந்துவிட்டால் மழையிலும் முழுகாது, கோடையிலும் இழுக்கும். கவுண்டர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு ஒரே வார்த்தையில் அடித்தார்.

"அது ஆவாதுங்க."

"ஏனுங்க ஆவாது?"

"ஆயுத பூசைக்குப் பொட்டு வெச்சு வூட்டு லட்சுமியா ஏத்துக்கிட்டாச்சு. லட்சுமியைக் கொண்டுபோய்ப் பாழுங்குழியில இறக்கறதா? குடும்பம் வெளங்குமா? வேற எதாச்சும் வழி சொல்லுங்க."

வேறு வழி! மாலையைப் போட்ட கையோடு இயற்கை விதியையும் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைப்பு! பெரியண்ணன் மூன்று நாள் நடையாய் நடந்தார். நயந்து சொன்னார், பயந்து சொன்னார், கத்தியும் சொன்னார். அடுப்புக் கல்லுக்குச் சொல்லியிருந்தால்கூடக் கேட்டிருக்கும். நாலாம் நாள் வீட்டில் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து, "இந்த ஊருல அறிவுக்கு மதிப்பே இல்ல. லட்சுமியாம், குழியாம்!" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

தீர்த்தம்மாள் களியை உருட்டிப் போட்டபடியே, "மாரியம்மன் பண்டிகைக்குச் சாமியையே கிணத்தடிக்குக் கூட்டிப் போயித்தானுங்க சத்தி அழைக்கறாங்க. கிணத்துல இருக்கறது கெங்கை. லட்சுமியைக் கெங்கைகிட்டக் கூட்டிட்டுப் போறதா சொல்லுங்க. கெங்கை பூசை போட்டு, படி கட்டி, மேளத்தோட இறக்கச் சொல்லுங்க. அவரு ஏன் வேண்டாங்கறாரு?" என்றாள்.

பெரியண்ணன் உருண்டையைக் கையில் வைத்தபடி அவளையே பார்த்தார். "குழம்பு ஊத்து" என்றார்.

மறுநாள் கவுண்டரிடம் போய் அதை அப்படியே சொன்னார். கவுண்டர் முகம் மலர்ந்துவிட்டது. "இதை மொதல்லயே சொல்றதுக்கென்னங்க? இதுதானுங்க யோசனை!" மூன்று நாள் கரடியாய்க் கத்திய காற்றும் அளவும் யோசனை இல்லையாம். போகட்டும். மேடை குடைந்தார்கள், கங்கை பூசை போட்டார்கள், வடம் கட்டி மேளதாளத்தோடு லட்சுமியை இறக்கினார்கள். மார்கழி எட்டாம் தேதி காலையில் என்ஜின் ஓடிய அரை நிமிஷத்தில் குழாய் வாயிலிருந்து தண்ணீர் ஒரு ஆள் நீளத்துக்கு அப்பால் போய் விழுந்தது. கவுண்டர் அதில் நனைந்துகொண்டே அழுதுவிட்டார். பெரியண்ணனுக்கும் கண் கலங்கியது. இத்தனை கோபத்துக்கும் நடுவில், அந்தத் தண்ணீரைப் பார்த்தபோது அவருக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை. அது ஒரு நாழிகைதான்.

பிறகு விருந்து. கொத்தனாருக்குக் கூலியும் மேலே இரண்டு ரூபாயும். வடம் இழுத்தவர்களுக்கு ஆளுக்கு எட்டணா. பூசாரிக்குத் தட்சிணை, தேங்காய், வேட்டி. பெரியண்ணனுக்கு? முதல் பந்தியில் முதல் இலை, கழுத்தில் சாமந்தி மாலை, நாலுவிரல் கரை போட்ட வேட்டி, துண்டு. காசு மட்டும் இல்லை. கவுண்டர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உருகினார்: "உங்களுக்குப் போய்க் கூலின்னு நீட்டுனா அது மரியாதையாங்க? நீங்க நம்ம வூட்டு மனுசன். கூலிக்காரங்களுக்குத்தானே கூலி!"

வீட்டுக்கு வந்ததும் தீர்த்தம்மாள் கேட்டாள்: "வாயைத் தொறந்து கேட்டீங்களா?"

"கேக்கலை."

"ஏனுங்க?"

"கழுத்துல மாலை கெடந்துது."

அவள் மாலையைக் கழற்றி எருமைக்குப் போட்டாள். பெரியண்ணன் அன்றைக்குச் சாப்பிடவில்லை. கூலிக்காரனாகப் பிறந்திருந்தால் பிழைத்திருக்கலாம், மரியாதை வந்து குடியைக் கெடுத்துவிட்டதே என்று புலம்பிக்கொண்டிருந்தார்.

கவுண்டர் கிணற்றைப் பார்க்க நாலு ஊர் ஜனம் வந்தது. ஜனம் வந்த இடத்துக்கு ஏஜெண்டு கோவிந்தனும் வந்து சேர்ந்தார். சந்தைப்பேட்டைக்கே தேடி வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, நேராக விஷயத்துக்கு வந்தார். "ஓவர்சீயர் சார், நீங்க எதுக்கு ஊர்ல இருக்கறவன்கிட்டயெல்லாம் காசு எதிர்பார்க்கறீங்க? அவன் தரமாட்டான். நான் தர்றேன். உங்ககிட்ட யோசனை கேக்க வர்றவன்கிட்ட 'என்ஜின் போடு'ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. செட்டுக்கு நாப்பது ரூபா." பொங்கலுக்கு மூன்று வாரம் இருந்தது. வார்த்தைக்குக் காசுதானே கேட்டோம், இதோ வருகிறதே என்று மனசு ஒரு பக்கம் குதித்தது. "கிணத்தைப் பார்த்துட்டுத்தான் சொல்வேன்" என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

அடுத்த வாரமே வந்தது அந்தக் கிணறு. காளியப்பக் கவுண்டரின் தங்கை பாஞ்சாலி, புருஷனை இழந்தவள், அண்ணன் நிலத்தை ஒட்டி அஞ்சு ஏக்கர் வைத்துத் தானே வெள்ளாமை பார்க்கிறவள். அண்ணன் தண்ணீரைப் பார்த்ததிலிருந்து அவளுக்கும் என்ஜின் ஆசை. ஓர் ஏக்கரை விற்க ஆளும் பார்த்துவைத்திருந்தாள். "பம்பை எத்தனை அடியில வெக்கோணும்னு பாத்துச் சொல்லுங்க, ஓவர்சீயரய்யா" என்று வந்து கூப்பிட்டாள்.

பெரியண்ணன் அவள் கிணற்றில் இரண்டு ஜோடி மாடு கட்டித் தண்ணீர் வற்றும் மட்டும் கவலை இறைக்கச் சொன்னார். வற்றியதும் ஒரு மூங்கில் கழியில் கோடு போட்டுக் கிணற்றுக்குள் நட்டார். கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு கிணற்றுப்படியில் பொழுது சாய்கிற வரை உட்கார்ந்து, ஊற்று மணிக்கு எத்தனை விரல் ஏறுகிறது என்று பார்த்தார். ஏறியது அழுதுகொண்டு ஏறியது. அண்ணன் கிணற்றில் பாறைக்கடியில் பெரிய ஊற்றுக்கண் திறந்திருந்தது. இங்கே கசிவுதான். என்ஜின் வைத்தால் அரை மணியில் காலி, பிறகு மறுநாள் வரைக்கும் லட்சுமியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

மூங்கில் கழியையே பார்த்துக்கொண்டிருந்தார். 'இருபதடியில் வை' என்று சொன்னால் நாற்பது ரூபாய். மலையேற வேண்டாம். பம்பு ஓடவும் ஓடும், தண்ணீர் வரவும் வரும், அரை மணிக்கு. யார் கேட்கப்போகிறார்கள்?

"வேண்டாங்கம்மா" என்றார். "உங்க கிணத்துக்கு என்ஜின் வேண்டாம். ஊத்து பத்தாது. ரெண்டு ஜோடி மாடு இறைக்கிற தண்ணிதான் இதுல இருக்குது. நிலத்தை விக்காதீங்க."

பாஞ்சாலியின் முகம் சுண்டிவிட்டது. "எங்கண்ணனுக்கு மட்டும் வெச்சுக் குடுத்தீங்க."

"அது வேற கிணறும்மா."

அவள் மாடுகளை அவிழ்க்கப் போய்விட்டாள். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. பெரியண்ணன் சங்கிலியைத் தோளில் போட்டுக்கொண்டு நாலு மைல் நடந்தார். வழியெல்லாம் தன்னைத்தானே திட்டிக்கொண்டு வந்தார். "பெரிய அரிச்சந்திரன்! நாப்பது ரூபாயையும் விட்டாச்சு, அந்தம்மா மனசையும் முறிச்சாச்சு. இந்தப் பொழப்புக்கு நாக்கைப் பிடுங்கிக்கலாம்."

போகிப் பண்டிகை அன்று காலையில் துரைக்கு, வருகிறேன் என்று கடிதம் எழுதி ஒட்டினார். தபாலாபீசுக்குக் கிளம்பச் சட்டையை மாட்டும்போது வாசலில் வண்டி நின்றது. பாஞ்சாலி இறங்கினாள்.

"நீங்க சொன்னதை நான் நம்பலைங்க" என்றாள் எடுத்த எடுப்பில். "அண்ணன் சொல்லிக் குடுத்து எனக்குக் கிடைக்கக்கூடாதுன்னு சொல்றீங்கன்னு நெனச்சேன். நீங்க வெச்ச கழி அங்கயேதான் நின்னுது. நானே ரெண்டு தடவை கிணத்தை வத்த இறைச்சுப் பாத்தேன். மணி தெரியாது, நிழலை வெச்சுப் பாத்தேன். நீங்க சொன்னதுதான். நெலத்தை விக்கலை." மடியிலிருந்து முடிப்பை அவிழ்த்தாள். "எங்கண்ணன் உங்களுக்கு மரியாதை செஞ்சாரு. அவ்வளவு மரியாதையெல்லாம் எனக்குக் கட்டுப்படியாவாதுங்க. எத்தனைன்னு சொல்லுங்க."

பெரியண்ணனுக்குத் திகைப்பாகிவிட்டது. எத்தனை? 'கட்டணம் உண்டு' என்று எழுதத் தெரிந்தவருக்கு, எவ்வளவு என்று இரண்டு வருஷத்தில் ஒருவரும் கேட்காததால் அவரும் யோசித்ததில்லை. "பதினஞ்சு" என்று வாயில் வந்ததைச் சொன்னார்.

"ஒருநாள் உக்காந்து பாத்ததுக்குப் பதினஞ்சா? கொத்தனே ஒரு ரூவாதான் வாங்கறான். பத்து வெச்சுக்குங்க."

பேரம்! சாமி, பேரம் பேசுகிறாளே! ஓசியில் வருகிற சரக்குக்கு எவளாவது பேரம் பேசுவாளா? பெரியண்ணனுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. வேண்டுமென்றே ஒரு ரூபாய் இறங்கினார். அவள் ஒரு ரூபாய் ஏறினாள். கடைசியில் பன்னிரண்டில் நின்றது. எண்ணி வைத்துவிட்டு, இருந்து காப்பி குடிக்கச் சொன்னதையும் கேட்காமல், "மாடு நிக்குது" என்று போய்விட்டாள்.

பெரியண்ணன் பன்னிரண்டு ரூபாயையும் உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு கொல்லைப்புறம் ஓடினார். தீர்த்தம்மாள் எருமைக் கொம்புக்கு வண்ணம் பூசிக்கொண்டிருந்தாள்.

"குடுத்துட்டாங்க! என் வார்த்தைக்குக் குடுத்துட்டாங்க! நான் மலைக்குப் போகலை!"

அவள் கையைத் துடைத்துக்கொண்டு பணத்தைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல் கேட்டாள்: "என்ன சொன்னதுக்குங்க?"

"வேண்டாம்னு சொன்னதுக்கு."

"வேண்டாம்னு சொன்னதுக்கா!" தீர்த்தம்மாள் அவர் கையிலிருந்து நாலு ரூபாயை எண்ணி எடுத்தாள். "லட்சுமியைக் கெங்கைகிட்ட இறக்கச் சொன்னது யாருங்க?"

எடுத்ததை முந்தானையில் முடிந்துகொண்டு மற்ற கொம்புக்கு வண்ணம் பூசப் போனாள். பெரியண்ணன் பேரம் பேசாமல் மீதி எட்டு ரூபாயைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.